ஆறு மேகசினும் ஒரு சிரங்கை அறுகரிசியும்

பிரஷாந்தன் செய்த வேலையை வேறு யாராவது செய்திருந்தால் அவனே அந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பான். மெல்பேர்னின் டண்டினோங்கில் ஒரு பஸ் டிப்போவில் தலைமை மெக்கானிக் அவன். டீசல் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதன் வாயைத் துணியால் அடைக்காமல் தேநீர் குடிக்கப் போனவர்களுக்கு அவன் கொடுத்த ஏச்சு டிப்போ முழுக்கப் பிரசித்தம். ஒரு மண் துகள் போதும், ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும் பஸ் நடுத்தெருவில் நின்றுவிடும் என்பான். அப்படிப்பட்ட மனுசன்தான் தன் மனைவியின் கைத்துப்பாக்கி மேகசின்களுக்குள் அறுகம்புல்லும் மஞ்சள் அரிசியும் கலந்த அறுகரிசி போட்டான். அதுவும் மனமுருகி, சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு.

அவன் மனைவி நிரூபா மருந்துக் கம்பனி ஒன்றில் போத்தல் நிரப்பும் இயந்திரங்களைப் பராமரிப்பவள். ஆறு வருடத்துக்கு முன் கூட வேலை செய்கிற ஒருத்தி ஒரு சனிக்கிழமை அவளைத் துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். பயிற்சி, லைசென்ஸ், இரும்புப் பெட்டி என்று எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடித்துக்கொண்டு போட்டியில் இறங்கிவிட்டாள். அது நின்ற இடத்தில் நின்று சுடும் போட்டி அல்ல. மறைப்புகளுக்கு நடுவே ஓடி ஓடி, கடதாசி மட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். குறி தப்பவும் கூடாது, நேரம் போகவும் கூடாது.

பிரஷாந்தனுக்கு இது அறவே பிடிக்கவில்லை. வன்னிப் போரின் கடைசி மாதங்களைக் கடந்து வந்தவன் அவன். மெல்பேர்னில் புதுவருட வாணவேடிக்கை தொடங்கினால் குளியலறைக்குள் போய் ஷவரைத் திறந்துவிட்டு, சத்தம் ஓயும்வரை உடுப்போடு நிற்பான். "உலகத்திலை எத்தனை விளையாட்டு இருக்கு. நெற்போல் விளையாடுமன், ஆர் வேண்டாம் எண்டது?" என்று கேட்டான். கெஞ்சினான், கத்தினான், மூன்று நாள் பேசாமலும் இருந்து பார்த்தான். நிரூபா ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. இரும்புப் பெட்டி கராஜின் வலது மூலையில் இருக்கும். அந்த மூலைக்கு அவன் போகமாட்டான், அவளும் போட்டி பார்க்க வா என்று அவனைக் கூப்பிட மாட்டாள். ஐந்து வருடம் அப்படியே ஓடியது.

ஆனால் மெக்கானிக்கின் கண் சும்மா இருக்குமா? துப்பாக்கியை அவள் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. மேகசின்களை மட்டும், வெறுமையாக, குசினி மேசைக்குக் கொண்டுவந்து கழற்றுவாள். மேகசின் என்றால் வேறொன்றுமில்லை, தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியின் பிடிக்குள் செருகுகிற தகரக் கூடு. உள்ளே ஒரு நீளமான ஸ்பிரிங், அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஸ்பிரிங் தட்டைத் தள்ளும், தட்டுத் தோட்டாவைத் தள்ளும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள்தான் எல்லாப் பிரச்சினையும்.

இந்த நாட்டில் விளையாட்டுக்காரரின் மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மேல் போடச் சட்டம் விடாது. எல்லாருக்கும் பத்துத்தான். ஆகவே அந்தப் பத்தும் முழுதாக ஏற வேண்டும், ஏறிய பத்தும் தடங்காமல் வெளியே வர வேண்டும். சில மேகசின்கள் ஒன்பது வரைக்கும் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். பத்தாவதைத் திணித்ததும் இறுகிப்போய்த் துப்பாக்கிக்குள் பூட்டுப்படாது. நிரூபா தட்டின் அடிப்பக்கத்தை மயிரளவு தேய்த்து, திரும்ப ஏற்றி, மேல் தோட்டாவை விரலால் அமத்திப் பார்ப்பாள். பத்தும் ஏறின பிறகும் கொஞ்சம் அசைய வேண்டும், அதுதான் கணக்கு. ஆறுக்கும் வெள்ளைப் பெயின்றால் இலக்கம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். தேநீர் போடுகிற சாட்டில் அவன் ஒருநாள் எட்டிப் பார்த்தான். "நாலு: ஒன்பதாவது தோட்டா தலை குத்துது. ஸ்பிரிங் மாத்தினது. அதுக்குப் பிறகு நானூறு தரம் சுட்டாச்சு, பிழை இல்லை" என்று எழுதியிருந்தது. இவள் டிப்போவில் வேலைக்கு வந்தால் என் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று நினைத்தான். வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் ஐந்து வருட ரோசம் என்னாவது?

அந்த ரோசத்தை உடைத்தவள் மகள் ராகவி. வயது பதினாலு. விஜயதசமி வியாழக்கிழமை வந்தது. வழக்கம்போல பிரஷாந்தன் சாமித் தட்டுக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, தன் ஸ்பானர்களையும் டோர்ச்சையும் மகளின் புத்தகங்களையும் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா, உங்கட டூல்ஸ் எல்லாம் வைக்கலாம். அம்மாட திங்ஸ் மட்டும் ஏன் வைக்கேலாது? தட்ஸ் நொட் ஃபேர்," என்றாள் ராகவி.

அவனுக்குச் சுருக்கென்றது. பிள்ளை கேட்டது நியாயம். கராஜ் கதவடியில் நின்று, உள்ளே எட்டிப் பார்க்காமல், "நிரூபா, உம்மடை சாமானையும் கொண்டுவாருமன். பூசையிலை வைப்பம்," என்றான்.

நிரூபா மேகசின்கள் ஆறையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சேலை மாற்றப் போனாள்.

அவன் முதன்முதலாக ஒன்றைக் கையில் எடுத்தான். ஸ்பிரிங்கைக் கண்டால் அமத்திப் பார்க்காத மெக்கானிக் உண்டா? தட்டைப் பெருவிரலால் உள்ளே அமத்தினான். நல்ல சீரான இழுவை. எவ்வளவு பக்குவமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். இத்தனை வருடமும் தன் பயத்தையே பெரிதாக நினைத்து இவளுடைய உழைப்பைப் பாராமல் இருந்துவிட்டேனே என்று இருந்தது. அதே உருக்கத்தில், வெளியே ஒரு பொட்டு வைத்தால் காணாது என்று, தட்டை அமத்திப் பிடித்தபடி உள்ளேயும் குழைத்த சந்தனம் வைத்தான். அதன்மேல் குங்குமம். அதற்குமேல் ஒரு சிரங்கை, ஒரு கைக்குழி நிறைய இருந்த அறுகரிசியிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டான். இலக்கம் ஆறிலிருந்து தொடங்கினான். இரண்டுக்கு வந்தபோது பூசைத் தட்டில் சந்தனமும் அரிசியும் ஏறக்குறையத் தீர்ந்திருந்தன.

பூசை முடிந்து தீபாராதனை தொட்டுக் கும்பிட்ட நிரூபா, "இஞ்சாருங்கோ, சனிக்கிழமை மச்சுக்கு ஒருக்கா வந்து பாருங்கோவன்," என்று கேட்டாள். உடன்பாட்டை மீறித்தான் கேட்டாள். அவன் ஓம் என்றான்.

அது சும்மா போட்டி அல்ல. தேசியப் போட்டிக்குப் போகும் விக்ரோறியா மாநிலப் பெண்கள் அணியில் நாலு பேர். மூன்று பேரைத் தெரிவுசெய்தாகிவிட்டது. நாலாவது இடத்துக்கு நிரூபாவும் மார்கரெட் என்பவளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் தெரிவுப் போட்டியில் நிரூபா முன்னுக்கு வந்தாள், இரண்டாவதில் மார்கரெட். சனிக்கிழமை மூன்றாவது, கடைசி. அன்றைக்கு யார் மேலே வருகிறாளோ அவளுக்கு அணி. நிரூபாவுக்கு நாற்பத்தொரு வயது. அந்த இடத்துக்காக நாலு வருடம் முயன்று, நாலு முறையும் மயிரிழையில் விட்டவள்.

பேக்கனம் தாண்டி ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும். மலைச்சரிவில் மண்ணணை கட்டிய மைதானம். பிரஷாந்தன் காதுக்குள் பஞ்சும் அதற்கு மேல் பெரிய காதுமூடியும் போட்டுக்கொண்டு, பிள்ளைப்பேற்று ஆசுப்பத்திரி வாசலில் நிற்கிறவன் மாதிரி நின்றான். முதல் வெடி கேட்டதும் உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருத்தி அதைப் பார்த்தும் பாராததுபோல ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"நீங்க நிரூபாவோட வீட்டுக்காரர்தானே? நான் மார்கரெட். மலேசியாவுல ஈப்போக்காரி. இப்போ கிளேட்டன்ல பல் செட் செஞ்சுக்கிட்டிருக்கேன்," என்றாள். "பயப்படாதீங்கண்ணா. மொத ரெண்டு வெடிதான் கஷ்டம். அப்புறம் பழகிடும் லா."

எதிராளி என்றால் முறைத்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்திருந்தான். இவளோ பிஸ்கட்டும் கொடுத்தாள்.

மொத்தம் எட்டுக் கட்டம். முதல் இரண்டும் சின்னக் கட்டங்கள், இலக்கம் ஒன்றும் இரண்டுமே போதுமாக இருந்தன. நிரூபா பிசகில்லாமல் சுட்டாள். மூன்றாவதில் முப்பத்திரண்டு தரம் சுட வேண்டும். மூன்று முறை மேகசின் மாற்ற வேண்டும். பத்துப் பேர் கொண்ட குழுவில் அவள்தான் கடைசியாகச் சுடுகிறவள். நடுவர் டெரி என்ற நரைத்த தாடிக்காரர், "ஆர் யூ ரெடி? ஸ்டாண்ட் பை," என்றார். நேரக்கருவி கீச்சிட்டது. நிரூபா பாய்ந்தாள். முதல் பத்து முடிந்து வெறும் மேகசின் சரளையில் விழ, இடுப்புப் பட்டியிலிருந்து அடுத்தது ஏறியது. அதுவும் பத்து. மூன்றாவதை ஏற்றினாள். நாலு வெடி கேட்டது. பிறகு வெறும் 'டிக்'.

பிரஷாந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றுபோனால் அவன் வயிறு அதை முதலில் அறியும். அவள் அந்த மேகசினைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றினாள். இரண்டு வெடி. திரும்பவும் 'டிக்'. பட்டியில் மிச்சமிருந்ததை ஏற்றி, தட்டித் தடவி முடித்தபோது ஒன்பது வினாடி வீணாகப் போயிருந்தது. அந்தப் போட்டியில் ஒன்பது வினாடி என்பது ஒரு யுகம்.

துப்பாக்கியை வெறுமையாக்கிக் காட்டி உறைக்குள் வைத்துவிட்டு, விழுந்த மேகசின்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் இருந்த நீள மர வாங்குக்கு வந்தாள். மிஞ்சிய தோட்டாக்களை விரலால் தள்ளி எடுத்துவிட்டு, இலக்கம் மூன்றைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினாள். இரண்டு மஞ்சள் அரிசியும் ஒரு துண்டு அறுகம்புல்லும் விழுந்தன. தட்டு, காய்ந்த சந்தனத்தில் ஒட்டிப் பாதி வழியில் நின்றது.

பிரஷாந்தன் அந்த அரிசியைக் குனிந்து பார்த்தான்.

"இது நான்..." என்றான். "நான் உள்ளுக்குப் போட்டது."

"ஓம். தெரியும். வியாழக்கிழமையே பாத்தனான்."

"பாத்தனீரோ? பாத்திட்டு ஏன் கழட்டித் துடைக்கேல்லை? ஒவ்வொரு மச்சுக்கும் முதல் கழட்டிற ஆளெல்லோ நீர்!"

நிரூபா அவன் முகத்தைப் பார்க்காமல் அரிசியைச் சரளையில் தட்டிவிட்டாள். "ஆறு வருசத்திலை முதல் தரம் நீங்கள் அதைத் தொட்டனீங்கள். பொட்டு வேறை வைச்சிருந்தீங்கள். துடைக்க மனம் வரேல்லையப்பா. மேலாலை கிடந்ததைக் கொட்டிப்போட்டு, மிச்சம் காய்ஞ்சிட்டுதுதானே, ஒண்டும் செய்யாது எண்டு நினைச்சன். என்ரை பிழை."

அவள் நாலு பேச்சுப் பேசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "உங்களை ஆர் கேட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பான். இவளோ பிழையைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். இப்படி ஒருத்தியை எனக்குத் தந்தாயே கடவுளே என்று நெஞ்சு நிறைந்தது. அதே நேரத்தில் தன் கன்னத்தில் தானே இரண்டு போட வேண்டும் போலவும் இருந்தது.

உருகி நிற்க நேரமில்லை. அந்தக் கிளப்பின் வழக்கப்படி ஒரு கட்டத்தில் கடைசியாகச் சுட்டவர் அடுத்த கட்டத்தில் முதலாவது. ஐந்து நிமிடத்தில் நிரூபா மறுபடியும் கோட்டில் நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்திலும் ஓடும் வழியை நடந்து பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். அந்தக் கட்டத்தில் இருபத்தெட்டுத் தரம் சுட மூன்று மேகசினும், கைகாவலுக்கு ஒன்றும் தேவை. நம்பக்கூடியவை ஒன்றும் இரண்டும்தான்.

"மார்கரெட்டிட்டை இருக்கும். அவவின்ரையும் இதே துவக்குத்தான்," என்றாள் நிரூபா. "ஆனா நான் கேக்க மாட்டன். இண்டைக்கு அவவிட்டைப் போய்க் கேக்கிறது நியாயமில்லை."

நடந்து பார்க்க அவள் போய்விட்டாள். பிரஷாந்தன் நின்ற இடத்தில் இரண்டு தரம் சுற்றினான். வெட்கம் பார்த்தால் வேலைக்கு ஆகாது என்று, நேரே மார்கரெட்டிடம் போனான்.

"மார்கரெட், ஒரு உதவி. கேக்கவே வாய் கூசுது," என்று தொடங்கி, பூசை, சந்தனம், அறுகரிசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

மார்கரெட் வாயைப் பிளந்தாள். "மேகசினுக்குள்ள அரிசியா? ஐயோ அண்ணா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் பையைத் திறந்து நாலு மேகசினை எடுத்து அவன் கையில் வைத்தாள். "எல்லாத்துலயும் பத்துப் பத்து இருக்கு. நான்தான் இந்த ரவுண்ட்ல கடைசி. எனக்கு டைம் இருக்கு, ஓடுங்க."

நிரூபா அந்த நாலையும் வாங்கிப் பட்டியில் செருகினாள். மார்கரெட்டின் பக்கம் திரும்பி ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். கீச்சென்ற சத்தத்தோடு புறப்பட்டவள் இருபத்தெட்டையும் ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்டு முடித்தாள். மார்கரெட்டின் மேகசின்கள் சரளையிலும் புழுதியிலும் விழுந்து உருண்டன. அந்த விளையாட்டில் வெறும் மேகசினை விழவிடத்தான் வேண்டும், குனிந்து பிடிக்க நேரமேது?

இப்போது வாங்கில் பிரஷாந்தனுக்கு வேலை. டெரியிடம் போய்க் கேட்டான். தோட்டாவும் துப்பாக்கியும் பக்கத்தில் இல்லாமல், நிரூபா கூடவே நின்றால் செய் என்றார் அவர். அடிப்பக்கத்துக் குமிழை அமத்தி மூடியை நகர்த்த ஸ்பிரிங் பாயும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. பெருவிரலை அணை கொடுத்து மெதுவாக விட்டான். கைலேஞ்சியைக் கிழித்துக் குச்சியில் சுற்றி உள்சுவரைத் துடைத்தான். சந்தனம் செதில் செதிலாக வந்தது. கை பழக்கத்தில் எண்ணெய்ப் போத்தலைத் தேடியது.

"எண்ணெய் வேண்டாம்," என்றாள் நிரூபா. "எண்ணெய் புழுதியைப் பிடிச்சு வைச்சிருக்கும். இது காய்ஞ்சபடி ஓட வேணும்."

"அப்பிடியே? எங்கடை வேலையிலை எண்ணெய் இல்லாட்டி ஒண்டும் நடவாது."

"இது பஸ் இல்லையப்பா."

அந்த நிலைமையிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் பூட்டி, தட்டை அடிவரைக்கும் அமத்தி விட்டுப் பார்த்தான். 'டக்' என்று துள்ளி மேலே வந்தது. பத்துத் தரம் அமத்தினால் பத்துத் தரமும் வந்தது. ஆறையும் அப்படி முடித்து வரிசையாக வைத்தபோது, இருபத்தைந்து வருட மெக்கானிக் வாழ்க்கையில் இதைவிடப் பக்குவமாக ஒரு வேலை செய்ததில்லை என்று அவனுக்குப் பட்டது.

நிமிர்ந்தபோது மார்கரெட் கோட்டில் நின்றாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவளுடைய நாலு மேகசினையும் யார் துடைத்தது? அவளே அவசரமாகச் சட்டைத் தலைப்பில் துடைத்து, தோட்டா ஏற்றிக்கொண்டு போயிருந்தாள். முதல் பத்து, சரி. இரண்டாவதில் ஒரு தோட்டா பாதி ஏறி நின்றது. அவள் துப்பாக்கியின் பின்பக்கத்தை ஓங்கி அடித்து ஏற்றிக்கொண்டு ஓடினாள். ஒன்றரை வினாடி இருக்கும். வேறு யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிரஷாந்தன் எடுத்தான். இரவல் தந்தவளின் பொருளை முதலில் துடைத்துக் கொடுக்காமல் தன் வீட்டுப் பொருளைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேனே என்று வெந்துபோனான். உடனே போய் அவளுடைய மேகசின்கள் எல்லாவற்றையும் வாங்கித் துடைத்துக் கொடுத்தான். ஆனால் போன வினாடி போனதுதான்.

பிறகு ஐந்து, ஆறு, ஏழு. நிரூபா அடித்தால் மார்கரெட் அடித்தாள், மார்கரெட் ஓடினால் நிரூபா பறந்தாள். எட்டாவது கட்டம் மறுபடியும் முப்பத்திரண்டு. நிரூபா கோட்டில் ஏறினாள். பிரஷாந்தன் தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து. மேகசின் மாறியது. பதினொன்று, பன்னிரண்டு... இருபது. இலக்கம் மூன்று ஏறியது. நாலாவது வெடி தாண்டட்டும் பிள்ளையாரே, தாண்டட்டும். தாண்டியது. இருபத்தாறு, இருபத்தேழு. நிற்காதே, நிற்காதே, இன்னும் வெடி, இன்னும் வெடி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டாவது வெடியில் கடைசி இரும்புத் தட்டு விழுந்தது.

அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. வெடிச்சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று அவன் கடவுளிடம் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. புல்லில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பாட்டம் அழுதான். யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் காதுமூடி.

முடிவு பின்னேரம் நாலு மணிக்கு எல்லாருடைய கைப்பேசியிலும் வந்தது. முதலாவதாக வந்தவரின் புள்ளியோடு பார்க்க நிரூபா எழுபத்தொரு சதவீதம். மார்கரெட் எழுபது தசம் எட்டு. நாலாவது இடம் நிரூபாவுக்கு.

நிரூபா கைப்பேசியை அவனிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கூட இருந்தவர்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள். முதலில் வந்து கட்டிப்பிடித்தவள் மார்கரெட்தான். ஆனால் பிரஷாந்தனின் தலைக்குள் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் அந்த ஒன்றரை வினாடி தாராளமாக அடங்கும்.

கார் தரிப்பிடத்தில் மார்கரெட் தன் பையைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் போய் எதிரே நின்றான்.

"மார்கரெட், ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. அந்த நாலையும் நீங்கள் தராமல் விட்டிருந்தா, நீங்கள்தானே போயிருப்பியள்?"

மார்கரெட் மழுப்பவில்லை. "ஆமா. கண்டிப்பா போயிருப்பேன்," என்றாள். அவள் கண்கள் கொஞ்சம் சிவந்திருந்தன. தனியாக வந்து அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அப்ப ஏன் தந்தனீங்கள்?"

காரின் பின்கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டாள். "அண்ணா, நாலு வருஷமா நான் நிரூபாவத் தோக்கடிக்கணும்னு பிராக்டிஸ் பண்றேன். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, அவளோட டைம் என்ன, என்னோட டைம் என்னன்னு பாத்து. இன்னைக்கு அவள அரிசி தோக்கடிச்சிருந்தா நான் ஜெயிச்சேன்னு எப்படிச் சொல்லிக்குவேன்?"

இந்த நாட்டுக்கு வந்த பிறகு பிரஷாந்தனுக்கு எத்தனையோ பேர் உதவி செய்திருக்கிறார்கள். வீடு பார்த்துத் தந்தவர்கள், வேலை பிடித்துத் தந்தவர்கள், கடிதம் எழுதித் தந்தவர்கள். அவர்களுக்குத் தங்களிடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதில் தந்தார்கள். இவளோ தனக்கு வேண்டியதையே எடுத்துத் தந்துவிட்டு நிற்கிறாள்.

"நன்றி, மார்கரெட்," என்றான். "இதை விடப் பெரிய சொல்லு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்லுவன்."

"அது போதும்," என்றாள் அவள். "ஆனா அண்ணா, அங்க நேஷனல்ல அவ நல்லா அடிக்கணும். அவ சொதப்பினா நான் அஞ்சாவதா வந்தது வேஸ்ட்டாப் போயிடும். நீங்க கூடப் போங்க. மேகசின் எல்லாம் நீங்களே பாத்துக்குங்க."

வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஷவருக்குள் ஒளிகிற பிரஷாந்தன், நாலு நாள் ஓயாமல் வெடி வெடிக்கப்போகிற அந்தப் போட்டிக்கு, "ஓம், நான் கட்டாயம் போவன்," என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தான்.